மேகங்களின் நாட்டில் மணியுடன் நடந்தோம்

உலகிலேயே அதிக மழை பெறும் இடம் எது என்ற வினாவுக்குச் சிரபுஞ்சி என்று விடையெழுதி மதிப்பெண் பெற்ற தலைமுறை நம்முடையது. பிற்காலத்தில் அவ்விடை மௌசின்ராம் என்று திருத்தப்பட்டது. இரண்டு ஊர்களும் மேகாலயாவின் கிழக்குக் காசி மலை மாவட்டத்தில்தான் உள்ளன. எனினும் ஒரு பெருமை இன்றளவும் சிரபுஞ்சிக்கே உரியது. 1860 ஆகஸ்ட் தொடங்கி 1861 ஜூலை முடிய, 12 மாதங்களில் அங்கே பெய்த மழை 26,461 மி.மீ. சென்னை ஆண்டொன்றுக்குப் பெறும் மழை சுமார் 1,400 மி.மீ. என்று கொண்டால், நம் தலைநகரின் 19 ஆண்டு மழையை அம்மலை ஓராண்டில் வாங்கியிருக்கிறது. உள்ளூர் மக்கள் அவ்வூரைச் சோரா என்றே அழைக்கின்றனர். நாமும் இனி அவ்வாறே அழைப்போம்.

இவ்வளவு நீர் விழும் மலை சுண்ணாம்புப் பாறையாலும் மணற்பாறையாலும் ஆனதாக இருந்தால் என்ன நேரும்? மேலே ஓடும் நீர் பீடபூமியின் விளிம்பிலிருந்து அருவியாக விழும்; உள்ளே புகும் நீர் பாறையைக் கரைத்துக் குகையாக்கும். மேகாலயாவில் நேர்ந்திருப்பது அதுதான். சோராவுக்கு அருகிலுள்ள நோகலிகாய் அருவி சுமார் 340 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே பாய்ச்சலில் விழுகிறது. ஜைந்தியா மலையிலுள்ள லியாத் பிரா குகைத் தொகுதி 30 கி.மீ.க்கும் மேல் நீள்கிறது. மௌசின்ராம் பகுதியின் கிரெம் பூரி, 24 கி.மீ.க்கு மேல் நீளும் மணற்பாறைக் குகை. அவ்வகையில் உலகிலேயே நீளமானது. காசி மொழியில் 'கிரெம்' என்றால் குகை, 'உம்' என்றால் நீர், 'மௌ' என்றால் கல். இம்மூன்று சொற்களை அறிந்தவர் அந்த வட்டாரத்தின் வரைபடத்தைப் பாதி படித்துவிடலாம்.

பணி நிமித்தம் ஷில்லாங்கில் இருக்கும் நாங்கள் மூவர், விடுமுறை நாள்களில் இம்மலைகளில் நடந்து வருகின்றோம். எங்களுடன் நான்காவதாக நடப்பது மணி. அலுவலர் குடியிருப்பின் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் குட்டியாகக் கிடைத்த நாட்டு நாய். இப்போது வயது 8, எடை 16 கிலோ. ஊரில் எல்லா நாய்க்கும் வைக்கும் பெயரைத்தான் வைத்தோம்; ஆனால் அண்டை வீட்டார், வங்கிக்காரர்கள் நாய்க்குக்கூடப் பணம் என்றா பெயரிடுவார்கள் என்று ஆங்கிலப் பொருள் கொண்டு வியந்தனர். விளக்கிச் சொல்லிப் பயனில்லை என்று விட்டுவிட்டோம்.

அருவிகளைப் பற்றியும் குகைகளைப் பற்றியும் எழுதியவர் பலர். நாயுடன் அவ்விடங்களுக்குச் செல்வதைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது குறைவு. வீட்டில் நாய் வளர்ப்போர் பெருகி, அவற்றை உடனழைத்துச் செல்லும் விருப்பமும் பெருகிவரும் காலம் இது. ஆகவே எங்கள் அனுபவத்தை இங்கே பகிர்கின்றோம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம். உடன் வரும் மனிதர் களைத்தால் 'போதும்' என்பார். முழங்கால் வலித்தால் முகம் சுளிப்பார். நாய் அவ்வாறு செய்வதில்லை. தன் கூட்டம் நடக்கும்வரை அதுவும் நடக்கும். பாதத்தோல் தேய்ந்தாலும், உடற்சூடு ஏறினாலும், விழும்வரை பின்தொடரும். எனவே திரும்பும் முடிவு முழுவதும் மனிதர் தலையில் விழுகிறது. பயணத் திட்டத்தின் பெரும்பகுதி இதில் அடங்கும்.

எங்கள் கால்நடை மருத்துவர் இதையே வேறுவிதமாகச் சொன்னார்: "எவ்வளவு தூரம் நடக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள், எவ்வளவு படி இறங்கும் என்று கேளுங்கள்." நிற்கும் நாயின் எடையில் ஏறக்குறைய 60 விழுக்காட்டை முன்னங்கால்களே தாங்குகின்றன, படி இறங்கும்போது அச்சுமை மேலும் கூடுகிறது. ஏற்றத்தில் உற்சாகமாக இருக்கும் நாய் இறக்கத்தில்தான் தோள்மூட்டையும் மணிக்கட்டையும் புண்ணாக்கிக்கொள்கிறது. வயது 8 என்பது, 16 கிலோ நாட்டு நாய்க்கு, நம் ஐம்பதுகளுக்கு ஒப்பானது. எங்களைவிட மணி சற்றே மூத்தவன் என்று கொள்ளலாம்.

நாயும் மனிதனும் சேர்ந்து நடப்பதற்குக் காசி மக்களிடம் ஒரு காரணக் கதையே உண்டு. முற்காலத்தில் விலங்குகள் அனைத்தும் லூரி லூரா என்ற சந்தையில் கூடின. ஒவ்வொன்றும் ஒரு சரக்கு கொண்டுவர வேண்டும் என்பது விதி. சோம்பலாக அலைந்த நாய், கடைசி நேரத்தில் ஒரு வீட்டில் கிடைத்த புளிக்கவைத்த சோயாப் பயற்றைப் பானையோடு கொண்டுவந்து கடை விரித்தது. அதன் நெடி தாங்காத விலங்குகள் ஏளனம் செய்து, பானையை உடைத்து, பயற்றைக் காலால் மிதித்துத் துவைத்தன. அவமானப்பட்ட நாய் மனிதனிடம் வந்து முறையிட்டது. மனிதன் அடைக்கலம் தந்தான். அன்று மிதித்த விலங்குகளின் காலில் ஒட்டிய நெடியைக் கொண்டு அவற்றைத் தடம் பிடித்துக் காட்ட நாய் ஒப்புக்கொண்டது. அந்தப் பயறு இன்றும் 'துங்ரிம்பாய்' என்ற பெயரில் ஷில்லாங் சந்தையில் விற்கிறது. அதன் நெடியை முதல்முறை உணர்ந்தபோது, விலங்குகள் பக்கமும் ஓரளவு நியாயம் இருப்பதாக எங்களில் ஒருவருக்குத் தோன்றியது.

மணியைச் சோதித்துப் பார்க்க நாங்கள் முதலில் தேர்ந்தது மௌப்லாங்கில் தொடங்கும் டேவிட் ஸ்காட் பாதை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அஸ்ஸாமையும் வங்கச் சமவெளியையும் இணைக்க எண்ணிய ஆங்கிலேய அதிகாரியின் பெயரால் வழங்கும் பழைய குதிரைப் பாதை அது. அந்தச் சாலையை ஒட்டி எழுந்த பிணக்கில்தான் காசித் தலைவர் தீரத் சிங் 1829-இல் போர் தொடுத்தார். ஸ்காட் 1831-இல் சிரபுஞ்சியிலேயே இறந்தார். இப்போது நடைப்பயணிகள் செல்லும் பகுதி சுமார் 16 கி.மீ. குதிரைக்கென வெட்டிய பாதையாதலின் ஏற்ற இறக்கம் மென்மையானது. புல்வெளி, ஓடை, சிற்றருவி, ஆற்றைக் கடக்கும் பாலம் என்று மாறி மாறி வரும். நாயுடன் முதன்முறை மலையேறுவோருக்கு இதைவிடப் பொருத்தமான பாதை அப்பகுதியில் இல்லை என்பது எங்கள் கருத்து.

மௌப்லாங்கில் புகழ்பெற்ற புனிதக் காடு ஒன்று உள்ளது. அங்கிருந்து ஓர் இலையைக்கூட எடுத்துவரக் கூடாது என்பது மரபு. நாயின் உடல்மயிரில் ஒட்டிவரும் விதையும் சருகும் இந்தக் கணக்கில் சேருமா என்று வழிகாட்டியிடம் கேட்டோம். அவர் சிரித்துவிட்டு, "நாய் வெளியே இருக்கட்டும், சார்" என்றார். இருந்தது.

இங்கே நில உடைமை பற்றி ஒரு சொல். மேகாலயாவின் காடுகளில் பெரும்பகுதி அரசுடையதன்று. குலங்களுக்கும் ஊர்ச் சமூகங்களுக்கும் உரியது. ஊர் மன்றத்தைத் 'தர்பார் ஷ்னோங்' என்றும், ஊர்த்தலைவரை 'ரங்பா ஷ்னோங்' என்றும் அழைக்கின்றனர். மூதாதையர் சொத்து கடைசி மகளுக்குச் சேர்வது காசிகளின் வழக்கம். பழங்குடியினர் அல்லாதாருக்கு நிலம் கைமாறுவதை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. கடன் பத்திரங்களைப் பார்க்கும் பணியில் இருப்போர் முதல் வாரமே கற்கும் பாடம் இது. நடைப்பயணிக்கும் இப்பாடம் பயன்படும்: ஒத்தையடிப் பாதை என்று நாம் நினைப்பது யாரோ ஒருவருடைய பாக்குத் தோட்டத்தின் நடுவே செல்லக்கூடும். ஊர் எல்லையில் நின்று, ஆடவரைப் 'பாஹ்' என்றும் பெண்டிரைக் 'காங்' என்றும் மரியாதையாக விளித்து, நாயைக் காட்டி அனுமதி கேட்டால் மறுத்தவர் எவருமில்லை. கோழி வளர்க்கும் வீடுகளைக் கடக்கும்போது கயிற்றைச் சுருக்கிப் பிடித்தால் போதும்.

தேசியப் பூங்காக்களும் வனவிலங்குச் சரணாலயங்களும் வேறு வகை. அங்கே வளர்ப்பு நாய்க்கு இடமில்லை. இவ்விதியைக் கடுமை என்று சலித்துக்கொள்வோர் உண்டு. 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் மாண்டன. இறந்தவற்றுள் சிலவற்றின் உடலில் நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் நச்சுயிரி கண்டறியப்பட்டது. நம் நாயிடமிருந்து காட்டுக்குப் போவதும் உண்டு, காட்டிலிருந்து நம் நாய்க்கு வருவதும் உண்டு. தேங்கிய நீரில் எலி முதலியவற்றின் சிறுநீர் கலந்து பரவும் எலிக்காய்ச்சல் இவற்றுள் முக்கியமானது. நாயிடமிருந்து மனிதருக்கும் அது தொற்றும். ஆகவே வெறிநோய், டிஸ்டெம்பர், பார்வோ, எலிக்காய்ச்சல் ஆகியவற்றுக்கான தடுப்பூசிகள் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். சான்றிதழின் அசல் வீட்டில் இருக்கட்டும்; நகல் பையில் இருக்கட்டும்.

ஓடை நீரை நாய் தானே குடித்துக்கொள்ளும் என்பது பரவலான நம்பிக்கை. வடகிழக்கு மலைகளில், நீர் அருந்தும் விலங்கின் மூக்கினுள் ஏறித் தங்கிக்கொள்ளும் ஒருவகை அட்டை உண்டு. நாள்கணக்கில் தும்மலும் மூக்கில் குருதியுமாக அவதிப்படும் நாய்களை மருத்துவர் எங்களுக்குக் காட்டியிருக்கிறார். எனவே மணிக்கு நீர் நாங்களே சுமக்கின்றோம். ஓய்வாக இருக்கும் நாய்க்கு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி தேவை; 16 கிலோவுக்கு ஏறத்தாழ 1 லிட்டர். நடக்கும் நாளில் அதன் இருமடங்கை எடுத்துச் செல்வது எங்கள் வழக்கம். காலில் கடிக்கும் சாதாரண அட்டைக்கு எளிய வழி உண்டு: அதன் வாய்ப்பகுதியின் ஓரத்தில் கெட்டியான ஒன்றை நுழைத்து நெம்பினால் பிடி விட்டுவிடும். காலாவதியான ஏ.டி.எம். அட்டை இதற்கு மிகவும் ஏற்றது. அட்டையை அட்டையால் எடுப்பது என்று எங்கள் குழுவில் இதற்குப் பெயர்.

நம் தின்பண்டப் பையிலும் ஆபத்து இருக்கிறது. உலர் திராட்சை, சாக்லேட், வெங்காயம் மூன்றும் நாய்க்கு நஞ்சு. மலையேறுவோர் விரும்பிக் கொறிக்கும் பருப்புக் கலவையில் முதலிரண்டும் பெரும்பாலும் இருக்கும்.

இனி நோங்ரியாத். சோராவுக்குக் கீழே, ஆழ்ந்த பள்ளத்தாக்கில் உள்ள இச்சிற்றூர் இரட்டை அடுக்கு வேர்ப்பாலத்தால் உலகப் புகழ் பெற்றது. ஆலின் இனத்தைச் சேர்ந்த ரப்பர் மரத்தின் விழுதுகளைக் குடைந்த பாக்குமரத் தண்டுகளின் வழியே ஆற்றின் மறுகரைக்குச் செலுத்தி, அங்கே மண்ணில் ஊன்றச் செய்து, மேலும் மேலும் பின்னி வளர்ப்பர். நடக்கத் தகுந்த பாலமாவதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். நட்டவர் பெரும்பாலும் தம் மக்களுக்காகவே நடுகிறார். நீண்டகால வைப்பு என்பதற்கு வகுப்பெடுக்க நேர்ந்தால் இதை எடுத்துக்காட்டலாம் என்று எண்ணிக்கொண்டோம். இப்பாலங்கள் அமைந்த நிலப்பரப்பு 2022-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்தது.

டிர்னா என்ற ஊரில் வண்டியை விட்டு இறங்கினால் சுமார் 3,500 கற்படிகள். அதற்கப்பால் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாகக் காட்டுவழியில் நடந்தால் வானவில் அருவி. எங்களில் ஒருவருக்கு இட மாற்ற ஆணை வந்திருந்தது. மாத இறுதியில் மேகாலயாவை விட்டுச் செல்கிறார். இரண்டாண்டுகளாக அவர் பார்க்க விரும்பி ஒவ்வொரு முறையும் தள்ளிப்போனது அந்த அருவி. நவம்பர் இறுதி வாரம், மழை ஓய்ந்து அட்டைகள் குறைந்த காலம், இரு நாள் விடுப்பு, ஊரில் ஓரிரவு தங்கல் என்று திட்டமிட்டோம். மணியை வீட்டில் விட எவருமில்லை. மருத்துவர், இறங்கும்போது 200 படிக்கு ஒருமுறை அமர வைக்க வேண்டும், மறுநாள் காலை பாதத்தையும் நடையையும் பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு முடிவெடுக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்திருந்தார்.

முதல் நாள் திட்டப்படி சென்றது. கழுத்துப்பட்டைக்கு மாறாக மார்புப்பட்டை அணிவித்து, ஒன்றரை மீட்டர்க் கயிற்றில் பிடித்துச் சென்றோம். சறுக்கினால் கழுத்து நெரியாது. தூக்க வேண்டுமெனில் கைப்பிடி இருக்கும். பாதி வழியில் இரும்புக் கம்பிகளாலான தொங்குபாலங்கள் குறுக்கிட்டன. கம்பிகளுக்கிடையே நீல நிற ஆறு தெரியும். நாயின் பாதம் நுழையும் அளவுக்கு இடைவெளி. மணி முதல் கம்பியில் முன்னங்காலை வைத்தான், எடுத்தான், படுத்துவிட்டான். அவ்வேளையில் எதிர்ப்புறமிருந்து ஊர் நாய் ஒன்று, வாலை உயர்த்திக்கொண்டு, பாலம் ஆடுவதைப் பொருட்படுத்தாமல் நடந்து வந்து, மணியை ஒருமுறை முகர்ந்துவிட்டுத் தன் வழியே போயிற்று. இயன்ற ஒன்றை எல்லா நாய்க்கும் இயன்றதாகக் கருதக் கூடாது. அது பிறந்து வளர்ந்த பாலம் அது. நாங்கள் மணியைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஒருவர் பின் ஒருவராகக் கடந்தோம். 16 கிலோ என்பது தராசில் ஒன்றாகவும் தொங்குபாலத்தின் நடுவில் வேறாகவும் இருக்கிறது.

பள்ளத்தாக்கில் இறங்க இறங்க நவம்பரிலும் புழுக்கம் கூடியது. நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை; மூச்சிரைத்தே சூட்டைத் தணிக்கும். காற்றில் ஈரம் மிகுந்தால் அந்த வழியும் பாதி அடைபட்டுப்போகும். நாக்கின் நுனி அகன்று தட்டையாவது, ஈறு சிவப்பது, எச்சில் கெட்டியாவது, அழைத்தால் திரும்பிப் பார்க்கத் தாமதிப்பது ஆகியன முன்னறிகுறிகள். உடல் வெப்பம் 39 டிகிரி செல்சியஸ் அளவில் இருப்பது நாய்க்கு இயல்பு. 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. அப்போது நிழலில் கிடத்தி, வயிற்றிலும் தொடையிடுக்கிலும் சாதாரண நீரை ஊற்றி விசிற வேண்டும். மணிக்கு அந்த நிலை வரவில்லை. மாலையில் வேர்ப்பாலத்தின் கீழடுக்கில் நின்று, உம்ஷியாங் ஆற்றின் ஓசையைக் காதை விறைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். இரவு தங்கல் வீட்டின் திண்ணையில் சோறும் முட்டையும் உண்டு உறங்கினான்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவன் எழுந்து வால் ஆட்டினான். எழுந்த விதத்தில் முன் வலக்காலை ஊன்றுவதில் ஒரு கணத் தயக்கம் இருந்தது. பாதத்தைத் திருப்பிப் பார்த்தோம். நடுத்தோலின் விளிம்பு தேய்ந்து இளஞ்சிவப்பாக இருந்தது, கிழியவில்லை. பத்தடி நடக்கச் சொன்னோம், நடந்தான், இருபதடி, நடந்தான். கயிற்றை எடுத்தவுடன் வாசலுக்கு ஓடினான். இவன் வருவதற்குத் தயார், பார் என்று வழிகாட்டி சொன்னார். ஆம், அவன் எப்போதும் தயார்தான். எங்களுக்கு அதுவே சிக்கலாக இருந்தது.

கணக்கிட்டுப் பார்த்தோம். அருவிக்குப் போய்வர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதன்பின் 3,500 படி ஏற்றம் நண்பகல் வெயிலில் தொடங்கும். நாயையும் ஒருவரையும் ஊரில் விட்டுச் செல்லலாம் என்று ஒரு யோசனை வந்தது. அதையும் சோதித்தோம்: இருவர் நூறடி நடந்து மறைந்ததும் மணி திண்ணையில் நிலைகொள்ளவில்லை, மூச்சிரைத்தான், கயிற்றை இழுத்துத் தேய்ந்த காலால் மண்ணைப் பறித்தான். கூட்டம் பிரிந்தால் அவனுக்கு ஓய்வு என்பது இல்லை. மூன்று மணி நேரம் இவ்வாறு நின்றால், நடந்த களைப்பே வந்துவிடும்.

நாங்கள் இருவரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லும் உரிமை இட மாற்ற ஆணை பெற்றவருக்கே என்று எண்ணினோம். அவர் தேநீரைக் குடித்து முடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, "வெயிலுக்கு முன்னால் படியேறிவிடுவோம்" என்றார். அவ்வளவுதான். வானவில் அருவியை எங்களில் எவரும் இன்றுவரை பார்க்கவில்லை.

காசி மக்கள் முதுகில் சுமக்கும் கூம்பு வடிவ மூங்கில் கூடைக்குக் 'கோ' என்று பெயர். நெற்றியில் பட்டை மாட்டி, முன்னோக்கிச் சாய்ந்து, பாக்கையும் பலசரக்கையும் சுமந்து இப்படிகளில் நாள்தோறும் ஏறுகின்றனர். தங்கல் வீட்டு அம்மையார் மூலம் ஓர் இளைஞரை முன்கூட்டியே பேசி அமர்த்திக்கொண்டோம். முதல் ஆயிரம் படிகளை மணி இடைவெளி விட்டு விட்டுத் தானே ஏறினான். ஓரிடத்தில், நாங்கள் நிற்காமலேயே அவன் நின்றான். எட்டு ஆண்டுகளில் அவன் அவ்வாறு நின்று நாங்கள் பார்த்ததில்லை. கூடையில் போர்வையை விரித்து அமர வைத்தோம். சற்று முனகிவிட்டு, விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டான். எதிரே இறங்கிவந்த சுற்றுலாப் பயணிகள் அனைவரும் நின்று படமெடுத்தனர். வழியில் இளைஞர் இருமுறை இளைப்பாறி, வெற்றிலை பாக்குப் போட்டுக்கொண்டார்; முற்காலத்தில் காசிகள் வழிப்பயணத்தின் தொலைவை, மென்ற பாக்கின் எண்ணிக்கையால்தான் கணக்கிட்டனர் என்று படித்திருந்தது நினைவுக்கு வந்தது. டிர்னா வந்ததும் அவர் கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்தோம்.

கூலியைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. பள்ளத்தாக்குகளில் கைப்பேசி அலை வருவதும் போவதுமாக இருக்கும். மின்னணுப் பரிவர்த்தனையை ஊக்குவிப்பது எங்கள் தொழில். ஆயினும் 50, 100 ரூபாய்த் தாள்களைப் போதிய அளவு கையில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழகத்திலிருந்து நாயுடன் வர விரும்புவோர் குவாஹாட்டிவரை இரயிலில் வரலாம். முதல் வகுப்புக் குளிர்சாதனப் பெட்டியில் ஓர் அறை முழுவதையும் தம் பெயரில் பதிவு செய்தால் நாயை உடன் வைத்துக்கொள்ளலாம். இல்லையெனில் சரக்குப் பெட்டியிலுள்ள நாய்க்கூண்டில்தான் அனுப்ப வேண்டும். இரண்டு, மூன்று நாள் பயணத்துக்குக் கூண்டை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. குவாஹாட்டியிலிருந்து ஷில்லாங் சுமார் 100 கி.மீ.; அங்கிருந்து சோரா 50 கி.மீ.க்குச் சற்று மேல்.

அன்று மாலை சோராவில் தங்கி, மறுநாள் காலை நோகலிகாய் அருவியை அதன் எதிர்ப்புறப் பார்வை மேடையிலிருந்து கண்டோம். லிகாய் என்ற பெண் பெருந்துயரால் குதித்து மாய்ந்த இடம் என்பது அப்பெயரின் பொருள். கதை கொடியது, இங்கே வேண்டாம். மழைக்காலத்துப் பெருக்கு நவம்பரில் இல்லை. அருவி மெலிந்து வெள்ளை நூலாக இறங்க, அடியில் குளம் பச்சை கலந்த நீலமாகக் கிடந்தது. படி ஏதும் இறங்காமல் காணக் கிடைக்கும் அருவி என்பதால் மணிக்கும் இதில் பங்கிருந்தது.

பின்னர் மௌஸ்மாய் குகை. இவ்வட்டாரக் குகைகள் அறிவியலுக்கு அளித்த கொடை சிறிதன்று. அருகிலுள்ள மௌம்லூ குகையின் தரையிலிருந்து எழுந்த கல்முளை ஒன்றின் அடுக்குகளில், ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த பெரும் வறட்சியின் தடயம் கிடைத்தது. அதைச் சான்றாகக் கொண்டு 2018-இல் பன்னாட்டு நிலவியலாளர்கள், அன்று தொடங்கி இன்றுவரை நீளும் காலப்பகுதிக்கு மேகாலயக் காலம் என்று பெயரிட்டனர். இக்கட்டுரையைப் படிக்கும் இந்நொடியும் அக்காலத்தைச் சேர்ந்ததுதான்.

குகைக்குள் நாயை நாங்கள் அழைத்துச் செல்வதில்லை. வௌவால்கள் பகலில் உறங்குமிடம் அது. ஒரே ஒரு குரைப்பு கூட்டத்தையே கலைத்துவிடும். காரோ மலையின் சிஜூ குகையை 1922-இல் ஆராய்ந்த விலங்கியலாளர்கள், இருளில் வாழும் உயிர்களில் பல வௌவால் எச்சத்தை அண்டியே வாழ்வதைப் பதிந்துள்ளனர். வௌவால் விலகினால் அவையும் நலியும். நாயின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நல்லதன்று. இருளில் திடீரெனச் செங்குத்தாக இறங்கும் குழிகள் உண்டு. காற்றோட்டமற்ற பள்ளங்களில் கரியமில வாயு தரையோடு தேங்கும். நம் மூக்கைவிட நாயின் மூக்கு தரைக்கு நெருங்கியது. வௌவால் எச்சத் தூளில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை இருக்கக்கூடும். முகர்ந்து பார்க்காத நாய் உலகில் இல்லை.

எனவே முறை வைத்துக்கொண்டோம். மௌஸ்மாயில் மின்விளக்கு அமைத்துப் பார்வையாளருக்குத் திறந்துள்ள பகுதி சுமார் 150 மீட்டர்தான். போய்வர அரைமணி நேரம் போதும். இட மாற்றத்தில் செல்பவருக்கு முதல் முறை. அவர் உள்ளே போனதும் மணி குகைவாயை நோக்கி அமர்ந்தான். உள்ளிருந்து வரும் குளிர்ந்த காற்று அவன் காதுமயிரை அசைத்துக்கொண்டிருந்தது. சுற்றுலாப் பேருந்தில் வந்த கூட்டம் ஒன்று நுழைந்து, வெளியேறியது. அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். நண்பர் வெளியே வந்தார், சட்டையெல்லாம் ஈரம். கல்விழுதுகள் கூரையிலிருந்து யானைக் காதுபோல் மடிந்து தொங்குவதையும், ஒருக்களித்து நுழைய வேண்டிய இடுக்கில் தம் தொந்தி சிக்கியதையும் விவரித்தார். அடுத்து நாங்கள் ஒருவர் பின் ஒருவராகப் போய் வந்தோம்.

மூன்றாமவரும் வந்து சேர்ந்தபின் மணி எழுந்தான். மூவரின் காலணிகளையும் வரிசையாக, அவசரமின்றி முகர்ந்து பார்த்தான். வௌவால் நெடி அவனுக்குப் புதிது. இருமுறை தும்மிவிட்டு, வண்டி நிற்கும் திசையில் நடக்கத் தொடங்கினான்.